ஷாட்டோ மூட்டோன் ரோத்சைல்ட்: சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் முதல் தரத் தகுதி பெற்ற சிவப்பு ஒயின் தோட்டங்களுள் ஒன்று மூட்டோன் ரோத்சைல்ட். இதன் பாட்டில்களை வாங்குவோரில் குடிப்பதற்கு வாங்குபவர்களும் உண்டு. ஆண்டுதோறும் மாறும் ஓவிய லேபிளுக்காகவே வாங்குபவர்களும் உண்டு. இந்த இரு கூட்டத்தாரின் தேவைகளும் வேறு வேறு. அதை உணராமல் பணம் போடுகிறவர்களே பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள் என்பதால், பின்வரும் பதில்கள் இரண்டையும் பிரித்தே பேசுகின்றன.

இந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது? அதன் மண்ணுக்கு என்ன சிறப்பு?

போர்டோ நகரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் பொயாக் என்ற சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிய மேட்டு நிலத்தில் எண்பது ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் மூட்டோனின் கொடிகள் நிற்கின்றன. நிலத்தின் மேல்பகுதி ஆழமான கூழாங்கல் அடுக்கு. மழைநீர் அதில் தேங்காமல் உடனே வடிந்துவிடுவதால், கொடியின் வேர் நீரைத் தேடிக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பகலில் சூடேறும் கற்கள் அந்த வெப்பத்தை இரவிலும் வைத்திருப்பதால், தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சொவிஞ்ஞோன் என்ற திராட்சை வகை இங்கே முழுமையாகப் பழுக்கிறது. தோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்த வகைதான். எஞ்சியதில் பெரும்பகுதி மெர்லோ. கபெர்னே ஃபிராங்க், பெத்தி வெர்தோ ஆகியவை சிறிதளவு.

விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்றாலும், உற்பத்தி லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டில்கள் என்ற கணக்கில்தான் இருக்கிறது. பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியின் ரொமானே கோந்தி தோட்டத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு ஆயிரம் பாட்டில்களே கிடைக்கின்றன என்பதோடு ஒப்பிட்டால், மூட்டோனின் விலைக்கு அருமைப்பாடு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

1855 தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த தோட்டம் முதல் தரத்துக்கு எப்படி உயர்ந்தது?

1855-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் அரசு போர்டோ ஒயின்களைத் தரம் பிரித்துத் தருமாறு கேட்டது. போர்டோவின் தரகர்கள், சந்தையில் ஒவ்வொரு தோட்டமும் பல ஆண்டுகளாகப் பெற்றுவந்த விலையை வைத்து, சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். லாஃபீட், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன் ஆகிய நான்கும் முதல் படியில் அமர்ந்தன. மூட்டோன் இரண்டாம் படியின் முதலிடத்தில் நின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1853-இல், ரோத்சைல்ட் குடும்பத்தின் இங்கிலாந்துக் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் அதை வாங்கியிருந்தார்.

1922-இல், தமது இருபதாவது வயதில் பொறுப்பேற்ற அவரது கொள்ளுப்பேரன் ஃபிலிப் த ரோத்சைல்ட், இந்த இரண்டாம் இடத்தை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் அவர் அரசின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். இறுதியில் 1973-இல், அப்போது வேளாண் அமைச்சராக இருந்த ழாக் ஷிராக் கையெழுத்திட்ட ஆணை மூட்டோனை முதல் தரத்துக்கு உயர்த்தியது. பிற்காலத்தில் பிரான்சின் குடியரசுத் தலைவரானவர் இவர்தான். தரவரிசை வெளியான மறு ஆண்டே காந்தமெர்ல் என்ற தோட்டம் ஐந்தாம் படியில் புதிதாகச் சேர்க்கப்பட்டது உண்டு. ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருந்த ஒரு தோட்டம் மேல்படிக்கு ஏறியது இந்த ஒரு முறைதான்.

"முதலாவதாக இருக்க இயலாது, இரண்டாவதாக இருக்க விரும்பேன், நான் மூட்டோன்" என்ற பொருளில் தோட்டம் வைத்திருந்த பழைய வாசகமும் அன்றே மாறியது. "நான் முதலாவது, முன்பு இரண்டாவது, மூட்டோன் மாறுவதில்லை" என்பது புதிய வாசகம். 1973-ஆம் ஆண்டு லேபிளில் அது அச்சாகியிருக்கிறது.

லாஃபீட் ரோத்சைல்டும் இதுவும் ஒரே நிறுவனமா?

இல்லை. இரண்டும் பொயாக்கில் அடுத்தடுத்த தோட்டங்கள். உரிமையாளர்கள் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளையினர். லாஃபீட்டை 1868-இல் வாங்கியவர் பிரெஞ்சுக் கிளையின் ஜேம்ஸ். பங்காளிகளுக்குள் போட்டி நெடுங்காலம் இருந்தது. ஏல அட்டவணையில் பெயரைப் பாதி படித்துவிட்டு விலை கூறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கேள்விக்கு இங்கே இடம்.

ஆண்டுக்கு ஓர் ஓவியர் என்ற வழக்கம் எப்படித் தொடங்கியது?

அதற்கு முதலில் பாட்டிலில் அடைக்கும் முறை மாற வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை போர்டோ தோட்டங்கள் தங்கள் ஒயினைப் பீப்பாயோடு நகரத்து வணிகர்களுக்கு விற்றுவிடும். பாட்டிலில் அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் வணிகரின் வேலை. நடுவில் அவர் எதைக் கலந்தார் என்பதற்குத் தோட்டக்காரர் பொறுப்பில்லை. ஃபிலிப் 1924-இல் இதை நிறுத்தி, விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கத் தொடங்கினார். பீப்பாய்கள் இனி இங்கேயே தங்க வேண்டும் என்பதால், நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய பீப்பாய்க் கூடத்தை 1926-இல் கட்டினார். நாடக அரங்குகளை வடிவமைத்துப் பெயர் பெற்ற ஷார்ல் சிக்லி அதன் கட்டடக் கலைஞர். அந்தக் கூடத்தில் நுழைகிறவருக்குப் பீப்பாய் வரிசைகள் மேடைக்காட்சிபோல் தெரியும்படி அது அமைந்திருப்பது தற்செயல் அன்று.

தோட்டத்தின் பெயரோடு பாட்டில் வெளியே போகும்போது லேபிளும் தோட்டத்தினுடையதாக இருக்க வேண்டும் அல்லவா? 1924-ஆம் ஆண்டு ஒயினுக்காக, சுவரொட்டி ஓவியர் ழான் கார்லு ஆட்டுக்கடாவின் தலையை வைத்துக் கனசதுர பாணியில் ஒரு லேபிள் வரைந்து தந்தார். அது அக்கால வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. முயற்சி அத்தோடு நின்றது. இருபது ஆண்டுகள் கழித்து இரண்டாம் உலகப் போர் முடிந்தபோதுதான் மறுபடி துளிர்த்தது.

1945-ஆம் ஆண்டு பாட்டில் ஏன் தனி உயரத்தில் நிற்கிறது?

ஒயின், லேபிள், வரலாறு ஆகிய மூன்றும் ஒரே பாட்டிலில் கூடிவிட்டன என்பதே காரணம்.

போர்க்காலத்தில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு தோட்டத்தைப் பறிமுதல் செய்தது. யூதரான ஃபிலிப்பின் குடியுரிமையையும் பறித்துச் சிறையில் அடைத்தது. விடுபட்ட அவர் பிரனீஸ் மலையைக் கடந்து தப்பி, நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி த கோலின் படையில் சேர்ந்தார். அவருடைய மனைவி எலிசபெத்தை நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டாபோ கைது செய்தது. அவர் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் 1945-இல் இறந்தார். அந்த ஆண்டின் லேபிளுக்கு, அப்போது பெயரறியாத இளைஞராக இருந்த ஃபிலிப் ழூலியான் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை இலைமாலைகளுக்கு நடுவே வரைந்தார். 'வெற்றி ஆண்டு' என்ற பிரெஞ்சுச் சொற்களும் அதில் உள்ளன. ஒரே ஆண்டுக்கென்று எண்ணியது, நிரந்தர வழக்கமாகிவிட்டது.

ஒயினும் அந்த ஆண்டுக்கு ஈடு கொடுத்தது. மே மாதத் தொடக்கத்தில் விழுந்த உறைபனி இளந்தளிர்களைக் கருக்கிவிட்டதால் காய்ப்பு குறைந்தது. பின்னர் வந்த கோடை வெப்பமும் வறட்சியும் மிகுந்தது. எஞ்சிய சிறு குலைகளில் சாறு செறிந்தது. உற்பத்தி எவ்வளவு என்பதை லேபிளே சொல்கிறது: அரைப் பாட்டில்களையும் சேர்த்து 74,422 பாட்டில்கள், 1,475 மேக்னம்கள் (இரு பாட்டில் அளவு கொண்ட பெரிய பாட்டில்கள்). 2006-இல் லாஸ் ஏஞ்சலஸில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில், இந்த ஆண்டின் 12 பாட்டில்கள் கொண்ட ஒரு பெட்டி 2,90,000 டாலருக்கு விற்றது.

ஓவியர்களுக்கு எவ்வளவு ஊதியம்?

பணமாக எதுவும் இல்லை. மூட்டோன் ஒயின் சில பெட்டிகள் தரப்படுகின்றன. அதில் ஒரு பகுதி அவரவர் லேபிள் ஒட்டிய ஆண்டினுடையது. தாலி, ஹென்றி மூர், மிரோ, ஷகால், வார்ஹோல், பிரான்சிஸ் பேக்கன், ஹாக்னி, ரிக்டர் ஆகியோரின் கையொப்பம் அந்தக் கூலிக்குக் கிடைத்திருப்பதை எண்ணினால், ஃபிலிப்புக்கு ஒயின் தெரிந்த அளவுக்கு வியாபாரமும் தெரிந்திருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் வரைந்தது 2009-ஆம் ஆண்டுக்கு.

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் லேபிள்கள் எவை?

1945-ஐ அடுத்து உடனே சொல்லப்படுவது 1973. முதல் தரத் தகுதி கிடைத்த அதே ஆண்டு ஏப்ரலில் பிக்காசோ காலமானார். தோட்டத்து அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய ஓவியம் ஒன்று அஞ்சலியாக லேபிளில் இடம்பெற்றது. உள்ளே இருக்கும் ஒயின் எளியது. பல காலம் முன்பே அதன் உயிர் போய்விட்டது. ஆயினும் அதே பத்தாண்டின் மேலான ஒயின்கள் சிலவற்றைவிட இதற்குக் கிராக்கி அதிகம்.

1993 இரட்டையாக வரும். பால்துஸ் வரைந்த சிறுமியின் உருவத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்ததால், அந்த நாட்டுக்கான பாட்டில்களில் ஓவியத்தின் இடம் வெறுமையாக விடப்பட்டது. முழுத் தொடர் வைத்திருக்க விரும்புவோர் இரண்டையும் தேடுகிறார்கள். 1978-க்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ரியோப்பெல் தந்த இரு ஓவியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனமில்லாமல் ஃபிலிப் இரண்டையுமே பயன்படுத்தினார்.

2000-ஆம் ஆண்டுக்குத் தாள் லேபிளே கிடையாது. 1590-இல் ஆக்ஸ்பர்கில் யாக்கோப் ஷேனாவர் செய்த பொன் முலாமிட்ட ஆட்டுக்கடாக் கிண்ணம் ஒன்று தோட்டத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உருவம் பாட்டிலின் கண்ணாடி மீதே பொன்னிறத்தில் புடைப்பாகப் பதிக்கப்பட்டது. கையில் எடுத்தால் விரலுக்குத் தட்டுப்படும். லேபிள் கிழியும், கறைபடும் என்ற கவலை இல்லாத ஒரே மூட்டோன் இது. ஆசியச் சந்தையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. சீனப் பணம் இந்தச் சந்தைக்குள் வேகமாகப் புகுந்தது, 2008-இல் ஹாங்காங் ஒயின் வரியை நீக்கிய பிறகு. அந்த ஆண்டின் லேபிளை வரைந்தவர் சீன ஓவியர் ஷு லெய் என்ற செய்தி வெளியானதுமே 2008-இன் விலை ஏறியது. பாட்டிலுக்குள் இருந்த ஒயின் நேற்றிருந்ததைப்போலத்தான் இருந்தது.

1945 முதல் இன்றுவரை முழுத் தொடரையும் சேர்ப்பது அறிவுடைமையா?

அது ஒயின் சேகரிப்பு அன்று, அச்சுக்கலைப் பொருள் சேகரிப்பு. அந்தத் தெளிவோடு இறங்குகிறவருக்கு அதில் தவறு ஒன்றும் இல்லை.

தொடரில் கையைச் சுடுவது புகழ்பெற்ற ஆண்டுகள் மட்டும் அல்ல. 1946, 1951, 1954, 1956 போன்ற சுமாரான ஆண்டுகளும் வியக்கத்தக்க விலை பெறுகின்றன. அவை வெளிவந்தபோது யாரும் பத்திரப்படுத்தவில்லை. மலிவாக வாங்கி உடனே குடித்து முடித்தார்கள். 1956 பிப்ரவரியின் கடுங்குளிரில் போர்டோ முழுவதும் கொடிகளே பட்டுப்போனதால் அந்த ஆண்டு விளைந்ததும் சொற்பம். ஆக, குடிக்கத் தகாத ஒயினுக்கு, குடித்துத் தீர்ந்துவிட்டது என்பதனாலேயே பெருந்தொகை கொடுக்க நேர்கிறது. எனக்கு இது உவப்பான செலவாகத் தோன்றவில்லை. பிடித்த ஐந்தாறு ஓவியர்களின் ஆண்டுகளை மட்டும் தேர்ந்து, அவற்றுள் ஒயினும் நன்றாக உள்ளவற்றை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

ஒயினுக்காகவே வாங்குவதானால் எந்த ஆண்டுகள்?

பழையவற்றில் 1945, 1959, 1961. அடுத்து 1982-உம் 1986-உம். இவ்விரண்டுக்கும் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் முழு நூறு மதிப்பெண் தந்தார். 1982 விளைச்சலைத் தொடக்கத்திலேயே துணிந்து புகழ்ந்ததுதான் அவருக்குப் பெயரே வாங்கித் தந்தது. ஆனால் இரண்டும் இருவேறு குணம் உடையவை. 1982 வெயில் செழித்த ஆண்டு. பழச்சுவை முன்னே நிற்கும். 1986-இல் கபெர்னேயின் துவர்ப்பு இறுக்கமாக இருந்ததால் அது பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. பொறுமை உடையவர்கள் 1986-ஐயே விரும்புகிறார்கள். இந்த நூற்றாண்டில் 2005, 2006, 2009, 2010, 2016, 2018 ஆகியவை பரவலாக மதிக்கப்படுகின்றன.

புதிய விளைச்சலை முன்பதிவாக வாங்கும் முறை எப்படி நடக்கிறது?

அறுவடைக்கு அடுத்த வசந்த காலத்தில், ஒயின் இன்னும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் இருக்கும்போதே, வணிகர்களும் விமர்சகர்களும் மாதிரியைச் சுவைத்துப் பார்க்கிறார்கள். பிறகு தோட்டம் தன் விலையை அறிவிக்கிறது. தோட்டம் நேரடியாக நமக்கு விற்பதில்லை. தரகர் வழியாகப் போர்டோவின் மொத்த வணிகர்களுக்கும், அவர்களிடமிருந்து இறக்குமதியாளருக்கும், அவரிடமிருந்து நமக்கும் அது வருகிறது. பணத்தை இப்போது கட்டிவிட்டுப் பாட்டிலுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். லத்தூர் தோட்டம் 2012-இல் இந்த முறையிலிருந்து விலகிக்கொண்டது, மூட்டோன் தொடர்கிறது.

ஒரு காலத்தில் முன்பதிவு விலை, பாட்டில் கைக்கு வரும்போது இருக்கும் சந்தை விலையைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. காத்திருப்புக்கு அதுவே கூலி. அண்மை ஆண்டுகளில் அந்தக் கூலி பல விளைச்சல்களில் காணாமல் போயிருக்கிறது. 2011-க்குப் பிறகும், 2022-இன் பிற்பகுதிக்குப் பிறகும் போர்டோ விலைகள் சரிந்ததைப் பார்த்தவர்கள், பாட்டிலாகவே சந்தையில் இருக்கும் பத்துப் பதினைந்து ஆண்டு முதிர்ந்த ஒயினைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். விற்கிறவர் நடுவில் கடையை மூடிவிட்டால் முன்பணம் என்னாகும் என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது.

பழைய பாட்டிலை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒயினின் மட்டத்தை. பாட்டிலை நிமிர்த்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மட்டம் இறங்குவது இயல்பு. இருபது ஆண்டு பாட்டிலில் அது கழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நாற்பது, ஐம்பது ஆண்டு பாட்டிலில் கழுத்தின் அடியிலோ தோளின் மேற்பகுதியிலோ இருந்தால் கவலை இல்லை. தோளின் நடுப்பகுதிக்குக் கீழே போயிருந்தால் காற்று புகுந்து ஒயின் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். எதிர்மாறாக, எழுபது வயதுப் பாட்டிலில் ஒயின் கழுத்துவரை தளும்பினால் மகிழ வேண்டாம். தக்கை எங்கே, எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.

அடுத்து மூடியுறை ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஒயின் கசிந்த பிசுக்கு இருக்கிறதா என்பது. பிறகு லேபிள். ஈரமான நிலவறையில் இருந்த பாட்டிலின் லேபிளில் பூஞ்சைக் கறை இருக்கும். ஒயினுக்கு அது நல்ல அறிகுறி, லேபிள் சேகரிப்பாளருக்கோ இழப்பு. இருவரும் ஒரே பாட்டிலுக்கு வேறு வேறு விலை சொல்வது இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் விற்பனையிலிருந்து எந்தெந்த நிலவறையில் இருந்தது என்ற காகிதத் தொடர்ச்சியும், ஆணி பிடுங்கப்படாத மூல மரப்பெட்டியும் இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

போலிகள் அந்த அளவுக்கு இருக்கின்றனவா?

இருக்கின்றன. ரூடி குர்னியாவன் என்பவர் அமெரிக்க ஏலங்களில் பல ஆண்டுகள் பெரிய பெயரோடு உலவியவர். 2012 மார்ச்சில் கலிபோர்னியாவில் உள்ள அவரது வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்தபோது, அச்சடித்த லேபிள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. குறைந்த விலை ஒயின்களைக் கலந்து பழம்பெரும் பாட்டில்களாக அவர் ஆக்கிக்கொண்டிருந்தார். 2013 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு. மறு ஆண்டு பத்து ஆண்டுச் சிறை.

பழைய மூட்டோனைப் பொறுத்தவரை லேபிளிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அந்த ஆண்டின் மொத்த எண்ணிக்கையும் குறிப்பிட்ட பாட்டிலின் வரிசை எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். 1945 மேக்னத்தில் 1,475-க்கு மேற்பட்ட எண் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. எண் சரியாக இருப்பது மட்டுமே சான்றாகிவிடாது என்பதும் உண்மை. போலி செய்கிறவருக்கும் படிக்கத் தெரியும்.

மூட்டோன் கதே, ல பெத்தி மூட்டோன் ஆகியவை மலிவான மூட்டோன்தானே?

இரண்டும் ஒன்றல்ல. ல பெத்தி மூட்டோன் 1990-களில் வந்த இரண்டாம் ஒயின். இதே தோட்டத்தின் திராட்சை, முதன்மை ஒயினுக்குத் தேர்வாகாத தொகுதிகள். கார்லுவின் பழைய ஓவியம் அதன் லேபிளில் வாழ்கிறது. மூட்டோன் கதே 1930-களின் தொடக்கத்தில் உருவான வணிகப் பெயர்; இன்று போர்டோ முழுவதிலுமிருந்து வாங்கிய திராட்சையிலும் ஒயினிலும் ஆவது. அன்றாடம் குடிக்க ஏற்றது, சேகரிப்புக்கு உரியது அன்று.

எப்படி வைத்திருப்பது?

12 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பம், 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், இருட்டு, அதிர்வின்மை. தக்கை நனைந்திருக்கும்படி பாட்டில் படுத்திருக்க வேண்டும். வெப்பம் ஒரே சீராக இருப்பது, எத்தனை பாகை என்பதைவிட முக்கியம். வெப்ப நாடுகளில் வாழ்கிறவர்கள் லண்டன், ஜெனீவா, போர்டோ போன்ற இடங்களில் உள்ள சுங்கக் காப்புக் கிடங்குகளிலேயே விட்டுவைப்பது வழக்கம். வரி அப்போதைக்குக் கட்ட வேண்டியதில்லை. மறுபடி விற்கும்போது வைத்திருந்த முறையைப் பற்றிய ஐயமும் எழாது.

திறந்து குடிக்க முடிவு செய்துவிட்டேன். என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு நாள் முன்னதாகப் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் படியட்டும். முப்பது வயது கடந்த தக்கை திருகாணிக்கு நொறுங்கும் என்பதால், பக்கவாட்டில் செருகும் இரு தகடுகள் கொண்ட திறப்பானைப் பயன்படுத்துங்கள். 1982 வயதுடைய ஒயினை மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்திவிடலாம். இன்னும் பழையதை நெடுநேரம் காற்றாட விடாதீர்கள். அரை மணியில் மணம் போய்விடக்கூடும்.

குடித்து முடித்த பின் காலிப் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், உணவகத்தில் விட்டுவிட்டும் வராதீர்கள். போலி செய்கிறவர்கள் காசு கொடுத்துத் தேடுவது உண்மையான லேபிள் ஒட்டிய உண்மையான காலிப் பாட்டிலைத்தான். தக்கையை எடுத்துக்கொண்டு, பாட்டிலை உடைத்துவிடுங்கள். ஓவியத்துக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், லேபிளின் ஓரத்தில் திறந்த தேதியை அழியாத மையால் எழுதிவிடுங்கள்.